அண்ணன் வெட்டிய பாதை

ரயில் என்னை இறக்கிவிட்டுப் போன பிறகு அந்தப் பிளாட்பாரத்தில் நானும் என் பெட்டியும் ஒரு சாம்பல் நிறப் பூனையும்தான் மிச்சம். பிரான்சின் தென்மேற்கு மூலை. மே மாதம். சிட்னியில் குளிர் ஆரம்பிக்கிறதே என்று போட்டுக்கொண்டு வந்த கம்பளிச் சட்டைக்குள் வியர்த்துக் கொட்டியது. எங்கேயோ யாரோ புல் அறுத்திருக்கிறார்கள். அந்தப் பச்சை வாசனை நிலையம் முழுக்க நிறைந்திருந்தது.

அண்ணனைக் காணோம். வரும் நாளைத் தவறாக எழுதிவிட்டேனோ என்று நான் கலங்கிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு பழைய வேன் வந்து நின்றது. இறங்கி வந்தவருக்கு முழங்கால் வரை சேறு. தலைமுடியில் இலைத் துணுக்குகள். கையில் பெரிய வெட்டரிவாள். ஸ்டேஷன் மாஸ்டர் அதைப் பார்த்துக் கொஞ்சமும் பதறாமல் அவருக்கு வணக்கம் சொன்னார்.

நரைத்துப்போன அந்த முகத்தில் எங்கள் அப்பாவைப் பார்த்தேன். கண் கலங்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

அண்ணன் அழவில்லை. அரிவாளைப் பெட்டிமேல் வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு குனிந்து என் செருப்பைப் பார்த்தார்.

"பிலோ, இதப் போட்டுக்கிட்டு இங்க நடக்க முடியாதே. உன் காலு சைஸ் என்னா?"

மனைவியை இழந்து இடிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் அத்தனை தூரம் வந்திருந்தேன். அவரோ என் கால் அளவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நீல அறை

போன வாரம் இந்தத் தொடரில், சிட்னிப் புறநகரான டூங்கபியில் எங்கள் வீட்டின் பின்பக்க அறையைப் பற்றி எழுதியிருந்தேன். என் கணவர் அந்தோணி தன் சனிக்கிழமைகளைச் செலவழித்து வெளிர்நீலப் பெயின்ட் அடித்த அறை. அது யாருக்கென்று சொல்லாமல் விட்டதற்கு வாசகர்கள் சிலர் கோபித்துக்கொண்டார்கள். அண்ணனுக்காகத்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் நிறத்துக்காரர்களுக்கும் ஆஸ்திரேலியா கதவைத் திறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்தோணிக்கு இன்ஜினியர் வேலை. எனக்குப் பரமட்டாவில் ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே இங்கிலீஷில் பேசிக்கொண்டுதான் நுழைவார்கள். தெருவில் எல்லா வீட்டு முன்புறத்திலும் புல்வெளி உண்டு. ஆனால் அதில் ஆள் நின்று நான் பார்த்தது புல் வெட்டும்போது மட்டும்தான்.

அந்த நாட்களில்தான் அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. அண்ணி சிமோன் இறந்துவிட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணனுக்கு இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன்: அண்ணனைச் சிட்னிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

அந்தோணி நாலு ஆபீஸ் ஏறி இறங்கி, ஸ்பான்சர் பண்ணி வரவழைக்க வழி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தார். நான் எழுதினேன். அண்ணன் பதில் போட்டார். மழை நன்றாகப் பெய்கிறது, அவரைக்காய் நன்றாகக் காய்த்திருக்கிறது, கோழியை நரி தூக்கிப் போய்விட்டது. வருகிறேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நான் அந்த நீல அறையைத் துடைப்பதும் மெத்தை விரிப்பை மாற்றுவதுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் அந்தோணிதான் சொன்னார், நேரில் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று. பிள்ளைகளைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். முட்டை வறுப்பதைத் தவிர அவருக்குச் சமையல் தெரியாது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் அன்பு பொங்கும்.

தபால் இல்லாத நாளில்

அண்ணன் எப்படி ஒரு பிரெஞ்சுக் கிராமத்துக்குப் போனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் காரைக்கால்காரர்கள். நான் பிறந்தபோது அது பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது அண்ணன் சவரிநாதன் அவர்களுடைய பட்டாளத்தில் சேர்ந்து வியட்நாமில் நடந்த சண்டைக்காகச் சைகோனுக்குக் கப்பலேறினார். அவர் போன அன்று நான் அவருடைய தகரப் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தேனாம். என்னைப் பெட்டியோடு சேர்த்துத் தூக்கி வாசல் வரைக்கும் கொண்டுபோனாராம்.

சண்டை முடிந்ததும் அவரைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். பட்டாளத்தை விட்டதும் தபால்காரர் வேலை கிடைத்தது. அந்தக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர்தான் சிமோன். தபால் இல்லாத நாளிலும் அண்ணன் சைக்கிளை நிறுத்திப் பள்ளிக்கூடத்துக் கதவைத் தட்டி, இன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று தகவல் சொல்லிவிட்டுப் போவாராம். என் கல்யாணத்துக்கு இருவரும் ஊருக்கு வந்திருந்தபோது அண்ணி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் கன்னியாஸ்திரிகள் பள்ளியில் பிரெஞ்சு படித்தவள் என்பதால் எங்கள் இருவருக்கும் பேச்சுக்குப் பஞ்சமில்லை. நான் அண்ணியைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கல் பாலத்து ஊர்

அந்த ஊரின் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையாது. வீட்டில் அதற்குக் கல் பாலத்து ஊர் என்றே பெயர்.

பாலம் ஊருக்குக் கீழே இருக்கிறது. வளைவு வளைவாகக் கட்டிய பழைய பாலம். கல் இடுக்கிலெல்லாம் பாசியும் சின்னச் சின்ன மஞ்சள் பூவும். அதைத் தாண்டினால் சக்கரம் நின்றுபோன ஒரு தண்ணீர் மில். அதற்கப்பால், ஊர்ப் பெண்கள் ஒருகாலத்தில் துணி துவைத்த இடம். காரைக்காலில் எங்கள் அரசலாற்றங்கரைத் துவைகல்லுக்கு யாரோ ஓட்டுக்கூரை போட்டுக் கொடுத்ததுபோல் இருக்கும். ஊற்றுத்தண்ணீர் தொட்டிக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது. கையை வைத்தால் எலும்புவரை குளிர்கிறது.

அங்கிருந்து வால்நட் மரங்களுக்கு நடுவே மேடேறினால் ஒரு கல் மேசை. கற்களைத் தூண்போல நட்டு, மேலே ஒரு யானை படுக்கிற அளவுக்குப் பாறையைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். எந்தக் காலத்து மனிதர்களோ, யாரைப் புதைத்த இடமோ. அதற்கும் மேலே ஒரு சின்னக் கோயில். இடையர்கள் கட்டியதாம். உள்ளே சுவரில் நிறம் போன ஒரு தேவதூதர் ஓவியம், எங்கள் பேச்சில் சம்மனசு. ஒற்றைச் சிறகுதான் மிஞ்சியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, குன்றின் உச்சியில், இடிந்த கோட்டை.

முன்பெல்லாம் இவற்றை இணைத்து ஒரு நடைபாதை இருந்ததாம். வீட்டுக்கு வீடு கார் வந்ததும் நடக்க ஆளில்லை. முள் மூடிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் ஊரைத் தாங்களே நடந்து பார்க்க வேண்டும் என்று அண்ணிக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமைதோறும் இருவரும் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்களாம். பாலத்திலிருந்து கோயில்வரை வெட்டிவிட்டார்கள். கோயிலிலிருந்து கோட்டைக்குப் போகும் கடைசித் துண்டு மிச்சமிருக்கும்போது அண்ணி படுத்துவிட்டார்.

அந்தத் துண்டில் பாதி, காஸ்தோன் என்ற கிழவரின் மேய்ச்சல் நிலம். யாரையும் விடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஆனாலும் மீதிப் பாதியிலிருந்த முள்ளை அண்ணன் வெட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பூட்ஸோடு நான் நடப்பதைப் பார்க்க, ரொட்டி விற்கிற வேன்காரி வண்டியை நிறுத்தி இறங்கியே வந்துவிட்டாள்.

தினமும் எங்காவது கூட்டிப்போவார். நான் சிட்னிப் பேச்சை ஆரம்பிப்பேன். அறை தயாராக இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் எலுமிச்சை மரம், அந்தோணி உங்களுக்காகக் கட்டில் வாங்கியிருக்கிறார் என்று. அண்ணன் கவனமாகக் கேட்பார். பிறகு, இந்த முள்ளை இந்தப் பக்கம் பிடி என்பார். பிடிப்பேன். வெட்டுவார். சாயங்காலம் கைகளெல்லாம் கீறலோடு வந்து குசினியில் அடுப்போரம் உட்கார்ந்தால், எனக்குப் பசித்த பசியில் சூப்பும் ரொட்டியும் அப்படி இறங்கும். சிட்னியில் நான் அப்படிச் சாப்பிட்டதே இல்லை.

ஆனால் அந்தக் குசினிக் கதவுக்குப் பின்னால் அண்ணியின் மழைக்கோட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் வெளியே போகும்போது அண்ணன் அதன் கையைத் தொட்டுவிட்டுத்தான் போவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் இவரை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போகவே கூடாது என்று மனது கெட்டிப்படும்.

காஸ்தோன்

நான் திரும்பவேண்டிய நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் கேட்டே விட்டேன். கோட்டை வரைக்கும் வெட்டி முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். காஸ்தோன் வழிவிட்டால்தானே முடியும் என்றேன். பார்ப்போம் என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் அண்ணன் தபால் கொடுக்கப் போனதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேராகக் காஸ்தோன் வீட்டுக்குப் போனேன். கிழவர் வாசலில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வட்டாரத்தில் சேலை கட்டியவள் நான் ஒருத்திதான்.

வழி விடுவீர்களா மாட்டீர்களா, ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள் என்று என் கான்வென்ட் பிரெஞ்சில் கேட்டேன். மாட்டேன் என்றாலும் எனக்குச் சந்தோஷம்தான், அண்ணனுக்கு இங்கே வேலை முடிந்துவிடும், என்னோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிடுவார் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

கத்தி தீட்டும் சத்தம் நின்றது. ஆடுகள் நிறைய இருக்கும் நாடுதானே அது என்றார். ஆமாம் என்றேன். தபால்காரருக்கு அங்கே என்ன வேலை என்றார்.

"அவருக்கு இங்கே யார் இருக்கிறார்கள்?" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமா, ஆச்சரியமா, தெரியவில்லை.  நடப்பவர்கள் வேலிப் படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போவார்கள், ஆடு ரோட்டுக்கு ஓடிவிடும், தன் பயம் அது ஒன்றுதான் என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

காரியம் கெட்டது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணனிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த நாள் காலை நாங்கள் கோயிலை நெருங்கும்போதே மேலே சுத்தியல் சத்தம் கேட்டது. வேலி ஓரத்தில் காஸ்தோன் மரப்படி அடித்துக்கொண்டிருந்தார். ஆள் ஏறித் தாண்டலாம், ஆடு தாண்டாது. படலைத் திறக்கவே வேண்டாம். பின்னால் அவருடைய மகனும் பேரனும் புல் சீவிக்கொண்டிருந்தார்கள்.

கிழவர் வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டு அண்ணனிடம் சொன்னார்:

"உன் தங்கை வந்து மிரட்டிவிட்டுப் போனாள். இனி நீ எங்கேயும் போக வேண்டியதில்லை."

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கோயில் படியில் உட்கார்ந்தார். அப்புறம் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் வந்ததிலிருந்து அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். காஸ்தோன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அவர் அழுது முடிக்கும்வரை சும்மா நின்றார்.

கோட்டை மேல்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரே நடந்தது. பாலத்திலிருந்து கிளம்பினோம். அண்ணியிடம் படித்த பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். வயதானவர்கள் துவைகல்லில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பாட்டிக்குக் கல் மேசையைப் பார்த்து நாற்பது வருஷம் ஆகிறதாம். அது சின்னதாகிவிட்டது என்று குறைபட்டுக்கொண்டாள்.

கோட்டையில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கோபுரம், பாதிச் சுவர், அதைப் பிடித்துக்கொண்டு படர்ந்த கொடி. ஆனால் அங்கிருந்து ஆறும் பாலமும் ஊரின் எல்லா ஓட்டுக்கூரைகளும் தெரிந்தன. புல்லில் துணி விரித்து ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பரிமாறினார்கள். அண்ணனும் நானும் கொஞ்சம் தள்ளிச் சுவரோரம் உட்கார்ந்தோம்.

"அண்ணே, இப்பவாவது சொல்லுங்க. வர்றீங்களா?"

"பாக்க வர்றேன் பிலோ. இருக்க வரல."

எனக்குத் தெரிந்திருந்த பதில்தான். கோயில் படியிலேயே தெரிந்துவிட்டது. அவருக்கு இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்ட என் கண்ணெதிரே எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வருத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

அண்ணன் புல் ஒன்றைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டார்:

"நான் ஒண்ணு கேக்கட்டா? நீ அங்க யாரோட நடக்கிற?"

எனக்குக் கேள்வி புரியவில்லை.

"வந்ததுலேர்ந்து நீ பேசுறதக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். மாப்ள, புள்ளைங்க, அந்த ரூமு. வீட்டுக்கு வெளிய ஒரு ஆளு பேரு உன் வாயில வரல. தங்கச்சி அங்க ஒத்தையா கெடக்குறா போலன்னு எனக்கு ஒரே கவல. அதான் தெனமும் உன்ன இழுத்துக்கிட்டுத் திரிஞ்சேன்."

நான் அவரைக் காப்பாற்ற வந்திருந்தேன். அத்தனை நாளும் அவர் என்னைக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். அடுத்த வீட்டுக்காரர் பெயரைச் சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பெயர் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அண்ணன் என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டூங்கபி

திரும்பி வந்த வார இறுதியிலேயே அந்தோணியையும் பிள்ளைகளையும் கிளப்பிக்கொண்டு வெளியே நடந்தேன். எங்கள் தெரு முடிந்து, கிரிக்கெட் மைதானத்துக்குப் பின்னால் ஓர் ஓடை. யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பரமட்டா நூலகத்தில் கேட்டபோதுதான் தெரிந்தது, வெள்ளைக்காரர்கள் வந்த புதிதில் கைதிகளை வைத்து விவசாயம் பார்த்த பண்ணை அந்த ஓடையை ஒட்டித்தான் இருந்ததாம். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்த மண்ணின் ஆதிமக்கள் வாழ்ந்த இடம் அது. ஊரின் பெயரே அவர்கள் பேச்சிலிருந்து வந்ததுதான் என்றார்கள். வருஷக்கணக்காக அந்தப் பெயரைக் கடித உறைமேல் எழுதிக்கொண்டிருந்தேன், எங்கிருந்து வந்தது என்று கேட்டதில்லை.

அண்ணன் சொன்னபடியே பிற்பாடு ஒரு தடவை வந்தார். நீல அறையில் தங்கி, ஓடைக்கரை முழுக்க நடந்து, எங்கள் தெருவில் எனக்குத் தெரியாத ஆட்களையெல்லாம் எனக்கு அறிமுகம் செய்துவைத்துவிட்டுப் போனார். அவர் ஊர்ப் பாதையில் இப்போது வெளியூர்க்காரர்களும் நடக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய ஒரு காலை நேரம். ஸ்டேஷன் பக்கத்தில் புதிதாக ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் குடிவந்திருந்தது. வேலைக்குப் போகும் ரயிலில் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன், கோட்டுக்குக் கீழே சேலைக் கரை தெரிய நிற்பார். இருவரும் தலையசைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கதவு முன்னால் நான் நின்றேன். தட்டுவதற்கு முன்னால் மனது ஆயிரம் யோசித்தது.

தட்டினேன். ஆரது என்று தமிழில் குரல் வந்தது. கதவு திறந்தது. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் என் பெயரைச் சொன்னேன். ஓடைக்கரையில் நடக்கப் போகிறேன், துணைக்கு வர்றீங்களா என்று கேட்டேன்.

"இப்பவோ?"

"ஆமா, இப்பதான்."

பின்னால் அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு தடவை உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓம், வாறன். கொஞ்சம் நில்லுங்கோ, அடுப்ப நூத்துப்போட்டு, காலுக்குச் சப்பாத்தப் போட்டுக்கொண்டு வாறன்."

கதவைச் சாத்தாமலே உள்ளே ஓடினார்.